நோயைச் சொல்ல ஓர் ஆள்

1

சேர்வராயன் கோயில் திருவிழாவை அக்கா வீடியோ எடுத்து அனுப்பிய அன்றைக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதமும் வந்தது. வீடியோவில் பாதிக்கு மேல் அக்காவின் கட்டைவிரல். மீதியில் மேளச்சத்தம், பஜ்ஜிக்கடை, யாரோ ஒருவரின் முதுகு. கடிதம் அதைவிடத் தெளிவாக இருந்தது. என் வயிற்றில் செய்ய வேண்டிய மறு அறுவை சிகிச்சைக்குப் பணம் தர இயலாது, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் வருத்தம் தெரிவிக்காமல் யாரும் முடியாது என்று சொல்வதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டரின் இளைய மகள், பெயர் செல்வி. கல்யாணமாகி ஒஹாயோ மாநிலத்துக்கு வந்து தலைமுடி நரைக்கும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. பள்ளிக்கூட பஸ்கள் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வளர்ந்த நான், இந்தத் தட்டையான ஊரில் நேர்கோட்டில் பஸ் விடுகிறேன்.

வந்த புதிதில் ஒல்லியாகத்தான் இருந்தேன். பிறகு குளிர், கார், பெரிய பெரிய தட்டுகள், பிள்ளைப்பேறு. நிறுத்த ஆளில்லாமல் பெருத்தேன். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. அப்போதிருந்த இன்சூரன்ஸில் உடல் குறைக்கும் ஆபரேஷனுக்கு இடமில்லை. ஆகவே ஒரு விடுமுறையில் சேலத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைக் குறுக்கிக்கொண்டு வந்தேன். பெரிய வெள்ளரிக்காயாக இருந்ததை வாழைப்பழமாக வெட்டித் தைத்துவிட்டதாக டாக்டர் விளக்கினார். அக்கா ஊரில் எல்லோரிடமும் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டாள்.

"உள்ளதச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"ஏம்புள்ள, திங்கறதக் கொறைக்க வவுத்த அறுத்துக்கிட்டான்னு சொன்னா, வாய மூடுனாப் பத்தாதான்னு கேக்க மாட்டாங்களா?"



உடம்பு நன்றாகவே இளைத்தது. சர்க்கரை ஓடிப்போனது. சில வருடம் ராணி மாதிரி இருந்தேன். அப்புறம் இரண்டு கோளாறுகள் ஒன்றாக வந்தன. இளைத்ததில் பாதி திரும்பி வந்தது, அதுகூடப் பரவாயில்லை. வயிற்றில் இருக்க வேண்டிய புளிப்பு நெஞ்சுக்கு ஏறத் தொடங்கியது. படுத்தால் தொண்டை எரிந்தது, இருமல் வந்தது, சில நேரம் மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய்ப் புரையேறியது.

எடை ஏன் திரும்பியது என்று வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த ஒஹாயோ டாக்டர் முகத்தைச் சுருக்கினார். உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது, இப்படியே விட்டால் அது வேறு மாதிரி மாறிவிடும், நுரையீரலும் கெடும், பழைய ஆபரேஷனைத் திருத்திக் குடலோடு வேறு வகையில் இணைக்க வேண்டும் என்றார். அதன் பெயர்தான் மறுசிகிச்சை. இன்சூரன்ஸ் கொடுத்தால் செய்துகொள்ளலாம். கொடுக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டும், அல்லது எரிச்சலோடு இருந்து என்ன ஆகிறதோ ஆகட்டும் என்று பார்க்க வேண்டும்.

2

இந்த நாட்டு இன்சூரன்ஸ்காரர்கள் மறுசிகிச்சை கேட்டு வருபவரை, இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். முதலாவது ஏன் சரிப்படவில்லை? தப்பு யார் பேரில்? நீங்கள் ஒழுங்காக நடந்துகொண்டீர்களா? இனிமேலாவது நடந்துகொள்வீர்களா? மனநல நிபுணர் ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசி, நான் பைத்தியம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உணவு ஆலோசகர் ஒருத்தி மாதாமாதம் என்னை நிறுத்துப் பார்த்தாள். நான் ராகிக் களி சாப்பிட்டேன் என்றதும் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அதைக் கஞ்சி வகையில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். களியைக் கஞ்சி என்று நாகலூரில் சொல்லிப் பாருங்கள். ஆனால் தலையாட்டிவைத்தேன். காரியம் நடக்க வேண்டுமே.

இவ்வளவும் செய்த பிறகுதான் அந்தக் கடிதம். போன் செய்தேன். இசை கேட்டேன். எண்ணை அழுத்து என்றார்கள், அழுத்தினேன். என் பெயரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாகச் சொன்னேன், மறுபடியும் இசை கேட்டேன். கடைசியில் வந்த பெண்மணி நல்ல மாதிரி. காரணத்தை வாசித்துக் காட்டினாள். குழாய்ப் பரிசோதனையில் புண் தெரிகிறது, சரிதான். ஆனால் அதனால் நோயாளி அவதிப்படுவதாக மருத்துவக் குறிப்புகளில் எங்குமே இல்லை. மருந்து சாப்பிட்டும் கேட்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அவதிப்படவில்லையா? நானா? என் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் திறந்து படித்தேன். ஒவ்வொரு வருகைக்கும் டாக்டர் எழுதி வைத்திருக்கிறார்: நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்கிறார். குறை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருகை: நலமாக இருப்பதாகச் சொல்கிறார். அதற்கடுத்தது: மிகவும் நலமாக இருப்பதாகச் சொல்கிறார்.

அந்த மனிதர் பொய் எழுதவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன். டாக்டர் உள்ளே வந்து எப்படி இருக்கிறீர்கள் என்பார். நன்றாக இருக்கிறேன், நீங்கள் எப்படி, பிள்ளைகள் எப்படி என்பேன். வலி பத்துக்கு எத்தனை என்பார். ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு என்பேன். இரண்டு என்று சொன்னதே என் கணக்கில் பெரிய அழுகை. நெஞ்செரிச்சல் மாத்திரையை நானே கடையில் வாங்கி மிட்டாய் மாதிரி தின்றுகொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று என் கணவர் கேட்டார். அவர் நல்லவர், தூங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் இரண்டு வருடமாகக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்று நான் சொன்னதை நம்பிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை ஏற்காட்டில் கிடைத்தது.

3

வைகாசியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். போனேன். அக்கா ராஜாமணி நாகலூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறாள். காலையில் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவள் கடையில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். என் சேலத்து ஆபரேஷன் காகிதங்கள் அவளிடம்தான் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று ஏற்காட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒவ்வொரு தாளையும் லேமினேஷன் செய்து, மகனின் ஜாதகத்தோடு பீரோவில் வைத்திருந்தாள். ஒட்டியபோது சிக்கிக்கொண்டு ஒரு பக்கத்துக்குள் ஒரு கொசுவும் இருந்தது. அந்தக் கொசு இப்போது ஒஹாயோவில் என் மருத்துவக் கோப்பில் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து சொந்தக்காரர்கள் கலையும் வரை நானும் அக்காவும் ஒரே அறையில் படுத்தோம். நாலாவது நாள் காலையில் அவள் கடையைத் திறக்கவில்லை.

"கெளம்பு, டவுனுக்குப் போலாம்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? டாக்டரப் பாக்கத்தான்."

"எனக்கு ஒன்னுமில்லக்கா."

"ஆமா, ஒன்னுமில்ல. பஸ் வந்துரும், சீக்கிரம் சீலையக் கட்டு."

ஏற்காட்டில் அந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. அறையில் அவர் மேசைக்கு முன்னால் சுழலும் ஸ்டூல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா நாற்காலியில். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டார்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது இவங்களுக்கு?"

"ஏனுங்க டாக்டரம்மா, இவ என்ற தங்கச்சிங்க. அமெரிக்காவுல இருக்கறா. நாலு நாளாப் பாக்கறனுங்க, படுக்கறதே இல்லீங்க. தலகாணிய மூனா அடுக்கிச் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கறா. கண்ணு அசந்தாப் போதும், நொம்ப இருமறாளுங்க. மூஞ்சியெல்லாம் செவந்து, மூச்சு வாங்கி, போயிருவாளோன்னு எனக்குப் பயமாப் போச்சுங்க. கல்யாணச் சோத்துல ஒரு கைப்புடி திங்கலீங்க. காலைல தொண்ட கட்டிப் பேச்சே வர்றதில்ல. கேட்டா ஒன்னுமில்லங்கறா. நொம்ப அழுத்தக்காரிங்க, சொல்ல மாட்டா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. அக்கா சும்மா பெருசு பண்ணறாங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அக்கா சொன்னதைக் கடகடவென்று எழுதினார். என் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். மறு ஆபரேஷன் விஷயத்தை அக்கா எடுத்துச் சொன்னதும், உடனே அமெரிக்கா போய் அதைச் செய்துகொள்ளச் சொன்னார். நான் சொன்னதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி உள்ளே போனார்கள். கதவு சரியாக மூடாததால் பேச்சு கேட்டது. மனைவி சொல்லிக்கொண்டே போகிறாள். கணவர் நடுவில், அவ்வளவெல்லாம் இல்லீங்க என்கிறார். அடுத்து ஒரு அம்மாவும் மருமகளும். மருமகள் சொல்கிறாள், அம்மா மறுக்கிறாள். நோய் படுபவர் ஒருவர், நோயைச் சொல்பவர் இன்னொருவர். படுபவர் தன் வாயால் சொல்வது அழகில்லை. சொல்பவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், படுபவர் நிறையக் குறைத்துச் சொல்வார், டாக்டர் நடுவில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் அக்காவின் பல்வலியை நான்தான் டாக்டரிடம் சொல்லுவேன். அவள் கன்னம் வீங்கி, ஒன்னுமில்லீங்க என்று வாயைத் திறக்க முடியாமல் சொல்லுவாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக அமெரிக்காவில் நான் தனியாகவே டாக்டரிடம் போயிருக்கிறேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லும் என் வேலையை நான் மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். மறுத்துப் பேச ஆளில்லாமல் அது அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்க உனக்குச் சொல்லறதுக்கு ஆளே இல்லியா?" என்றாள்.

4

திரும்பி வந்ததும் மேல்முறையீடு செய்தேன். தொலைபேசி விசாரணைக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். நோயாளி நேரடியாகப் பேசலாம், வேண்டுமானால் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்பதையும் மரியாதையாகச் சொன்னார்கள்.

கணவர் நான் பேசுகிறேன் என்று மார்தட்டினார். ஒத்திகை வைத்தேன்.

"உங்கள் மனைவிக்கு எப்போதிலிருந்து இந்தத் தொந்தரவு?"

"அது... போன தீபாவளியிலிருந்து?"

"எந்த நேரத்தில் அதிகம்?"

"காலையில்?"

போதும் சாமி என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அக்கா அங்கிருந்தே பேசத் தயாராக இருந்தாள். "போன அவங்க கைல குடு, நான் சொல்லறேன். தமிழ் தெரியாட்டி என்ன, அழுதாப் புரியாதா?" என்றாள். நாலு நாள்தானே நீ என்னோடு படுத்தாய் என்றேன். "அப்ப உன்ற ஊட்டுல இருக்கற புள்ளயக் கேளு."

அந்தப் புள்ளை என் மகள் தாரணி. கல்லூரியில் படிக்கிறாள். மாடியில் அவள் அறை. ஒரே வீட்டில் இருக்கிறோம், சாப்பாடு தயார் என்றுகூட நான் குறுஞ்செய்தி அனுப்பினால்தான் இறங்கி வருவாள். தமிழ் புரியும், பேச வராது. சின்னதில் மழலையாகப் பேசினாள், பள்ளிக்கூடம் போனதும் விட்டுவிட்டாள். நாகலூருக்கு வா என்றால் பரீட்சை இருக்கும். எனக்கு எந்த ஆபரேஷன், எதற்கு என்பதெல்லாம் அவளுக்குச் சரியாகத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நானும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா?

"வியாழக்கிழமை மத்தியானம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாயா? எனக்கு இங்கிலீஷ் தடுமாறினால் எடுத்துக் கொடு, போதும்" என்றேன்.

"சரி" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

5

வியாழக்கிழமை. சாப்பாட்டு மேசை நடுவில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டோம். எதிர்முனையில் கம்பெனியின் டாக்டர் ஒருவரும் அதிகாரி ஒரு அம்மாளும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்திருந்தேன்.

"வணக்கம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்றார் டாக்டர்.

"மிகவும் நன்றாக இருக்கிறேன், நன்றி. நீங்கள்?" என்றேன்.

தாரணி சட்டென்று போனில் எங்கள் பேச்சு அவர்களுக்குக் கேட்காமல் செய்யும் பொத்தானை அழுத்தினாள். "அம்மா!" என்றாள். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

டாக்டர் கேட்கத் தொடங்கினார். தூக்கம் கெடுகிறதா? கொஞ்சம் என்றேன். இருமல்? வரும், போகும். எவ்வளவு தொந்தரவு? சமாளிக்கிறேன். வாய் தன்பாட்டுக்குப் பேசுகிறது. மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், அதுவும் ஒரு ஆண் குரலிடம், வாய்க்குள் புளித்து வருகிறது என்றும் முந்தானையில் வழிகிறது என்றும் எப்படிச் சொல்வது? கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எல்லாம் போச்சு என்று தோன்றியது.

"நான் அவருடைய மகள். நான் பேசலாமா?" என்றாள் தாரணி. பேசலாம் என்றார்கள்.

இங்கிலீஷில்தான் பேசினாள். ஆனால் அக்கா பேசுவது போலவே மூச்சு விடாமல் பேசினாள்.

"அம்மா சொல்வது எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் படுத்துத் தூங்கி இரண்டு வருடமாகிறது. டிவி பார்ப்பதாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், டிவி ஓடாது. வாந்தி எடுக்கும்போது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிடுவார். கடையில் வாங்கும் எரிச்சல் மாத்திரையின் காலி டப்பாக்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுவார். குப்பையை வெளியே வைப்பது நான்தான், எனக்குத் தெரியும். என் பிறந்தநாளுக்குக் கேக்கை வாயில் வைத்துவிட்டு என் நண்பர்கள் பார்க்காதபோது துப்பினார். வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போட மாட்டார்."

"இரவில் நடப்பதும் உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் அறை எங்கே?" என்று கேட்டார் டாக்டர். குற்றம் பிடிக்கும் குரல் இல்லை. எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

"என் அறை மாடியில். ஆனால் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை இருமிக்கொண்டே இருந்தார், திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வரவில்லை. நான் ஓடி வருவதற்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு மேலே படுக்கப் பயம். அவர் அசந்து தூங்கும் வரை படிக்கட்டில் இருந்துவிட்டுத்தான் போவேன்."

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என் பிள்ளை. இருட்டில், படிக்கட்டில். அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்றுதானே இத்தனையும் மறைத்தேன்!

"அம்மா, உங்கள் மகள் சொல்வது உண்மையா?" என்றார் டாக்டர்.

ஒன்றுமில்லை, பிள்ளை பெரிது பண்ணுகிறாள் என்று நான் சொல்ல வேண்டிய இடம். வாய் வரைக்கும் வந்தது.

"படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது டாக்டர்" என்றேன். "மற்றதெல்லாம் உண்மை."

அதற்கப்புறம் நானே சொன்னேன். புளிப்பு, எரிச்சல், முந்தானை, எல்லாவற்றையும் தப்பும் தவறுமான இங்கிலீஷில் சொன்னேன். வலி பத்துக்கு எத்தனை என்று அவர் கேட்கவில்லை, நானே எட்டு என்றேன்.

6

பத்து நாளில் பதில் வந்தது. ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கடிதத்தில் அவர்கள் எதற்கும் வருந்தவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கண்ணுகிட்டக் குடு" என்றாள். தாரணி போனை வாங்கி, "பெரியம்மா" என்றதோடு அடுத்த சொல் வராமல் நின்றாள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து விடாமல் பேசினாள். இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிறு இப்போது ஊசி போட்ட கையைப் போல் சுருக்கென்று வலித்துவிட்டு அடங்குகிறது. கூழும் சூப்பும் குடிக்கிறேன். எரிச்சல் இல்லை. இருமல் நின்றுவிட்டது. தலையணை ஒன்று போதும். மல்லாந்து படுத்து மேலே கூரையைப் பார்ப்பது இவ்வளவு சுகம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தாரணி என் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தூங்கவில்லையா என்றேன்.

"சத்தமே இல்லம்மா" என்றாள் தமிழில். "பயமா இருக்கு."

இத்தனை காலம் என் இருமலைக் கேட்டுக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். இப்போது அது இல்லை. டாக்டர் எனக்குத் தந்த காகிதத்தில் இதற்கு மருந்து எழுதவில்லை.

அன்றிலிருந்து மாடியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டுப் படுக்கிறேன். விளக்கை அணைத்ததும், "அம்மா, இருக்கியா?" என்கிறாள். "இருக்கறேன் கண்ணு, நீ தூங்கு" என்கிறேன். இன்னொரு தடவை கேட்பாள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் தூங்கிவிடுவாள். நான் மல்லாந்து படுத்தபடி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.